கூரை மேல் எத்தனை கிலோ?

சங்கராந்திக்கு முந்தைய நாட்களில் ஹைதராபாதிலிருந்து விஜயவாடா செல்லும் 65-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், சௌட்டுப்பல் பக்கம் உள்ள பந்தங்கி சுங்கச்சாவடி திணறும். பிழைப்புக்காகத் தலைநகர் வந்த ஆந்திரக் கரையோர மக்கள் மொத்தமாக ஊர் திரும்பும் நேரம் அது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். பாதிக்கு மேல் எஸ்யூவிகள். அவற்றின் தலையில் பெட்டி, பை, பிள்ளையின் சைக்கிள், பாய்ச்சுருள், அரிசி மூட்டை என்று அரை வீட்டுச் சாமான் தார்ப்பாய்க்குள் அடங்கியிருக்கும். நைலான் கயிறு அத்தனையையும் இழுத்துப் பிடித்திருக்கும். கயிற்றின் முடிச்சு எதில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால், கம்பெனியிலிருந்து காரோடு வந்த, கூரையின் இரு ஓரமும் நீளவாக்கில் ஓடும் இரண்டு கம்பிகளில் இருக்கும். அல்லது அந்தக் கம்பிகளின் மேல் வெளிக்கடையில் பூட்டிய இரும்புக் கேரியரில் இருக்கும்.

அந்தக் கம்பிகள் எவ்வளவு தாங்கும் என்று வண்டி வைத்திருப்பவரைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. வண்டியை விற்றவருக்கும் சட்டென்று சொல்ல வராது. கேரியர் பூட்டியவர், “எவ்வளவு வேணும்னாலும் ஏத்துங்க சார்” என்பார். சில வண்டிகளில் அது 50 கிலோ. சிலவற்றில் 75 கிலோ. சிலவற்றில் பூஜ்யம். பூஜ்யம் என்றால், அந்தக் கம்பி வெறும் அலங்காரம், அதில் எதையும் கட்டக் கூடாது என்று வண்டியோடு தரும் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கும். கையேடு டாஷ்போர்டு அறைக்குள் பாலிதீன் உறை பிரிக்காமல் கிடக்கும்.

இந்தியாவில் விற்கும் பயணிகள் வாகனங்களில் பாதிக்கும் மேல் இன்று எஸ்யூவி ரகம். ஹைதராபாதிலோ கேட்கவே வேண்டாம். ஸ்ரீசைலம், திருப்பதி, சபரிமலை, மேடாரம் ஜாதரா என்று ஆண்டு முழுவதும் குடும்பத்தோடு கிளம்பும் ஊர் இது. கம்பெனி கொடுத்த கம்பியைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்றைப் பூட்டும் வேலை இங்கே நாளுக்கு நாள் பெருகுகிறது. அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறார்கள். அரை மணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலையா அது என்பதுதான் என் கேள்வி.

அம்பாசடர் காலத்துப் பிடி

நம் அப்பாக்கள் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அம்பாசடரிலும் பத்மினியிலும் கூரை ஓரத்தில் மழைநீர் வழிந்தோட ஓர் இரும்பு வாரி இருந்தது. கூரைத் தகடும் பக்கவாட்டுத் தகடும் சேர்ந்து பற்றவைக்கப்பட்ட இடம் அது. வண்டியின் மேற்பகுதியில் அதைவிட வலுவான விளிம்பு கிடையாது. கேரியரின் கால்கள் அந்த வாரியில் உட்காரும். கீழிருந்து ஒரு கொக்கி பிடிக்கும். போல்ட்டை முறுக்கினால் தீர்ந்தது. ஓர் ஓட்டை போட வேண்டியதில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போக வழியும் இல்லை. கல்யாணச் சீர் முழுவதும் அதில்தான் போனது. ஜீப், டிரெக்கர், அர்மடா எல்லாவற்றிலும் இதே பிடிதான். 1994-இல் டாடா சுமோ வந்தது. சுமந்த் மூல்காவ்கர் என்ற டாடா நிறுவனப் பெரியவரின் பெயரைச் சுருக்கி வைத்த பெயர் அது. கேரியரோடு ஆந்திரத்தின் சந்துபொந்தெல்லாம் ஓடி, ராயலசீமைப் பகைக் கதைகளைச் சொன்ன தெலுங்குப் படங்களில் வானத்தில் பறந்து, தமிழ் ரசிகர்களுக்கும் பழக்கமான வண்டி.

பிறகு கூரையின் கட்டுமானமே மாறியது. 2012-இல் ரெனோ டஸ்டர், 2013-இல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 2015-இல் ஹூண்டாய் கிரெட்டா. இந்தியக் குடும்பங்களை எஸ்யூவி பக்கம் திருப்பிய இந்த மூன்று வண்டிகளும் சென்னையைச் சுற்றிப் பிறந்தவை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டஸ்டர் ஒரகடத்தில், ஈகோஸ்போர்ட் மறைமலை நகரில், கிரெட்டா இருங்காட்டுக்கோட்டையில். இவை லாரி போலத் தனிச் சட்டத்தின் மேல் உடம்பை வைத்துக் கட்டியவை இல்லை. உடம்பே சட்டமாக இருக்கும் கார்கள். மழைநீர் வாரி மறைந்துவிட்டது. கூரை ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் மட்டும் ஓடுகிறது. அதைக் கறுப்பு ரப்பர் பீடிங் மூடியிருக்கும். கம்பி உள்ள ரகங்களில் பள்ளத்தில் துளையிட்டு, கம்பியை போல்ட் போட்டு நிறுத்தியிருப்பார்கள்.

சுமைக்காக வந்த கம்பி மெல்ல மெல்லத் தோற்றத்துக்கான கம்பியாகிப் போனது இந்தக் காலத்தில்தான். கம்பி இருந்தால் வண்டி உயரமாக, மிடுக்காகத் தெரிகிறது. விலை கூடிய ரகத்துக்கு அதுவே அடையாளம். சில நிறுவனங்கள் நேர்மையாக எண்ணைச் சொல்லி விற்றன. ரெனோ தன் டிரைபர், கைகர் வண்டிகளின் கம்பி 50 கிலோ தாங்கும் என்று விளம்பர ஏட்டிலேயே அச்சிட்டது. எல்லாரும் அப்படிச் செய்யலாம். அதற்கு ஒரு வரி போதும். 2023-இல் வந்த மாருதி ஜிம்னியோ பழைய வாரியையே திரும்பக் கொண்டுவந்தது. மலை ஏறுபவர்கள் அந்த வண்டியைக் கொண்டாடியதற்கு அந்த இரும்பு விளிம்பும் ஒரு காரணம்.

ராணிகஞ்ச் சந்தில்

செகந்திராபாத் ராணிகஞ்ச் பகுதியைத் தெரியாத மெக்கானிக் ஹைதராபாதில் இருக்க மாட்டார். பம்பு, மோட்டார், பேரிங், போல்ட், நட்டு, கார் உதிரிப்பாகம் என்று வரிசை வரிசையாகக் கடைகள். ராணுவப் பாளையத்தின் (கன்டோன்மென்ட்) காலத்திலேயே வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் வசிக்கும் பத்மாராவ் நகரும், அங்குள்ள ஸ்கந்தகிரி முருகன் கோயிலும் இங்கிருந்து அதிக தூரமில்லை. அப்படி ஒரு குடும்பத்தின் ஏழு இருக்கை வண்டி சந்து நிழலில் நின்றிருந்தது. ஓய்வுபெற்ற அரசு ஊழியர் அதன் சொந்தக்காரர். கம்பியின் பூச்சு வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பாக உதிர்ந்திருந்தது. முனை மூடி ஒன்று உடைந்திருந்தது. அதைவிடப் பெரிய கவலை, மழைக்காலத்தில் பின்னிருக்கைக்கு மேல் லைனிங்கில் தெரிந்த ஈரக்கறை. கதவு பீடிங்கை மாற்றியாயிற்று. ஈரம் நிற்கவில்லை.

“பாய், இதைக் கழட்டிட்டு நல்ல கேரியர் ஒண்ணு போட்டுடுங்க. வேணும்னா புதுசா ஓட்டை போட்டுக்கலாம்” என்றார்.

தலை நரைத்த ஃபிட்டர் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு, “டிரில் நக்கோ சாப்” என்றார். ‘நக்கோ’ என்றால் வேண்டாம்; தக்கணி உருதுவில் அந்த ஒற்றைச் சொல்லுக்கு மேல் வாதம் கிடையாது. பிறகு தெலுங்கும் தமிழும் கலந்து விளக்கினார். கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிப்பில்லாதது. நடுக் கூரையில் போடும் ஓட்டையில் போல்ட் நிற்கும், சுமை நிற்காது. கம்பெனி துளையிட்ட இடத்தில் மட்டும் அடியில் தடித்த தகடு வைத்திருப்பார்கள். விலை குறைந்த, கம்பி இல்லாத ரகங்களில் அந்த அடித்தகடு பல நேரம் இருக்கவே இருக்காது. ஆகவே பக்கத்து வீட்டு வண்டியில் பூட்டியது நம் வண்டியிலும் பூட்டலாம் என்ற கணக்கு தப்பு.

வேலை தொடங்கியது. முதலில் பள்ளத்தின் இரு பக்கமும் பெயின்ட்டின் மேல் காகித டேப் ஒட்டினார். ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. பிளாஸ்டிக் நெம்பியால் முனை மூடிகளை மெதுவாகத் தூக்கினார். உள்ளே நட்சத்திர வடிவத் தலை கொண்ட போல்ட். ஏழு ஆண்டுத் தூசி கெட்டியாகி அதில் அடைந்திருந்தது. அந்தத் தூசியோடு சாவியைச் செருகினால் அது முழுதாக உட்காராது. வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். தேய்ந்த போல்ட்டைக் கழற்ற அரை நாள் போகும். காற்றடித்துத் தூசியை வெளியேற்றி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். அந்தக் காத்திருப்பும் வேலையில் ஒரு பகுதிதான்.

நான்கு போல்ட்கள் சுலபமாக வந்தன. ஐந்தாவது சுற்றியது, ஆனால் மேலே வரவில்லை. கூரைக்குள் இருக்கும் நட்டு பிடி விட்டுச் சேர்ந்து சுற்றுகிறது என்று அர்த்தம். இந்த இடத்தில்தான் அவசரக்காரர்கள் தகட்டைக் கிழிப்பார்கள். சரியான வழி, உள்ளே லைனிங்கை இறக்கி அடியிலிருந்து நட்டைப் பிடிப்பது. ஆனால் இன்றைய வண்டிகளில் லைனிங்கின் ஓரத்தில், ஜன்னல்களுக்கு நேர் மேலே, முன் தூணிலிருந்து பின் தூண் வரை திரை ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, மஞ்சள் நிற இணைப்பிகளைச் சீண்டாமல் செய்ய வேண்டிய வேலை அது. லைனிங்கைத் திரும்பப் பூட்டும்போது ஒரு கிளிப் மாறி உட்கார்ந்தாலும் விபத்தின்போது ஏர்பேக் விரியும் பாதை தடைபடலாம். ஃபிட்டர் கையை எடுத்துவிட்டார். “இது ஷோரூம் வேலை சாப். லைனிங்கை மட்டும் அங்கே இறக்கி நட்டு மாத்திட்டு வாங்க. மீதியை நான் பார்க்கிறேன்” என்றார். ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்துச் சொன்ன சொல் அது. இப்படிச் சொல்லத் தெரிந்தவரிடம்தான் வண்டியைக் கொடுக்க வேண்டும்.

மறுபக்கக் கம்பி முழுதாக வந்தபோது ஈரக்கறையின் மர்மமும் அவிழ்ந்தது. துளையைச் சுற்றியிருந்த ரப்பர் மெத்தை அப்பளம் போல நசுங்கிக் காய்ந்திருந்தது. துளை விளிம்பில் மோதிரமாகத் துரு. மழைநீர் அந்தப் பள்ளத்தில்தான் ஓடுகிறது. ரப்பர் செத்தால் துளை வழியே லைனிங்குக்கு மேல் இறங்குகிறது. அங்கிருந்து தூண் வழியாக எங்கோ ஓரிடத்தில் வெளிப்படுகிறது. கதவையும் கண்ணாடியையும் சந்தேகித்துச் செலவு செய்பவர்கள் கூரைக் கம்பியை நினைத்துப் பார்ப்பதே இல்லை. சன்ரூஃப் உள்ள வண்டியானால் அதன் வடிகால் குழாய்களில் வேப்பம்பூவும் தூசியும் அடைத்துக்கொள்வது இன்னொரு காரணம். இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

துருவைச் சுரண்டி, துத்தநாக பிரைமர் பூசி, டச்சப் பெயின்ட் அடித்து, நன்றாகக் காயவிட்டார். அடுத்து அடைப்பு. இங்கே ஒரு தவறு ஊரெங்கும் நடக்கிறது. குளியலறைக்கு வாங்கிய சிலிகான் குழாயை எடுத்து அமுக்கிவிடுகிறார்கள். பிதுக்கும்போது காடி வாசனை அடித்தால் அதில் அசிட்டிக் அமிலம் வெளிப்படுகிறது என்று பொருள். கீறல்பட்ட இரும்பில் அது துருவுக்குத் தீனி. காருக்கு ஏற்றது பியூட்டைல் டேப், அல்லது அமிலம் வெளிவிடாத நியூட்ரல் வகை சிலிகான். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய். கம்பெனியின் புது ரப்பர் மெத்தை கிடைத்தால் அதுவே முதல் தேர்வு.

முறுக்குவதிலும் அளவு உண்டு. 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 4, 5 கிலோ அழுத்தம் கொடுத்தால் அந்த அளவு வந்துவிடும். உடம்பு பலத்தையெல்லாம் காட்டினால் புது ரப்பரும் நசுங்கும், தகடும் குழியும். எல்லா போல்ட்டையும் விரலால் நாலு சுற்று ஏற்றிய பிறகே, நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரென்ச் வைத்து இறுக்க வேண்டும். முடித்ததும் ஹோஸ் பைப்பில் தண்ணீரைக் கூரை மேல் விட்டுக்கொண்டே இருந்து, உள்ளே லைனிங் ஓரத்தில் டிஷ்யூ காகிதம் வைத்துப் பார்த்தால் கசிவு காட்டிக்கொடுக்கும். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மீண்டும் இறுக்கம் பார்க்க வேண்டும். புது ரப்பர் கொஞ்சம் அமுங்குவது இயல்பு.

பழைய கம்பியை எடுத்துவிட்டு வெறும் கூரையாகவே விட நினைப்பவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். துளைகளுக்கு ரப்பர் அடைப்பான் போட்டு, அதன் மேல் பியூட்டைல் வைத்து, கம்பி இல்லாத ரகத்துக்கான பள்ள பீடிங்கை வாங்கிப் பொருத்தினால் பார்வைக்கும் சுத்தமாக இருக்கும். கழற்றிய போல்ட்களையும் கம்பியையும் தூக்கி எறியாதீர்கள். விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.

முனை மூடி போன்ற சின்னச் சாமானை அலட்சியமாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2021-இல் ஃபோர்டு நிறுவனம் வட அமெரிக்காவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட எக்ஸ்புளோரர் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம், கூரைக் கம்பியின் மேல்மூடி ஓட்டத்தில் கழன்று பறக்கக்கூடும் என்ற அச்சம். தீர்வு சில பிளாஸ்டிக் பின்கள். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தில் ஒரு மூடி வந்து விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்த சட்டம் உள்ள நாட்டில் அதற்காக அத்தனை லட்சம் வண்டிகள் திரும்ப வந்தன. இங்கே இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிய போலிக் கம்பியை அழகுக்காக விற்கிறார்கள். அதில் யாரோ ஒருவர் நிச்சயம் கயிறு கட்டுவார். அந்தப் பொருளை வாங்கவே வாங்காதீர்கள்.

கேரியரின் எடையும் கணக்கில் சேரும்

கூரைச் சுமை 50 கிலோ என்றால் மூட்டை 50 கிலோ என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். கேரியரின் எடையும் குறுக்குக் கம்பிகளின் எடையும் சேர்த்தே அந்த 50.

வெல்டிங் பட்டறையில் அடிக்கும் இரும்புக் கேரியரை எடுத்துக்கொள்வோம். 1 அங்குலச் சதுரக் குழாய், 16 கேஜ் தடிப்பு. மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ. ஐந்தடிக்கு நான்கடி அளவில் இரண்டு அடுக்கு விளிம்பும் அடியில் சட்டங்களும் வைத்தால் 20 மீட்டர் குழாய் ஓடிவிடும். 24 கிலோ. பிடிகளும் போல்ட்டும் பெயின்ட்டும் சேர்ந்து 27, 28. ஆக, ஒரு பெட்டிகூட ஏற்றாமலே பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. மிச்சம் 22 கிலோ. ஒரு பெரிய சூட்கேஸ். அவ்வளவுதான் அந்தக் கூரையின் வசதி. அதே வேலையை அலுமினியக் குறுக்குக் கம்பிகள் இரண்டு, நான்கைந்து கிலோவில் முடித்துவிடும். கேரியர் மாற்றுபவர்கள் பெரியதாகப் பார்க்காமல் லேசானதாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

தெலங்கானாவின் முலுகு மாவட்டத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சம்மக்கா–சாரலம்மா ஜாதராவுக்கு, மேடாரம் நோக்கி லட்சக்கணக்கானோர் போகிறார்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் தங்கள் எடைக்கு எடை வெல்லம் படைப்பார்கள். அந்த வெல்லத்துக்குப் பங்காரம், தங்கம் என்றே பெயர். 70 கிலோ மனிதரின் வேண்டுதல் கூரையில் ஏறினால் எண் அங்கேயே உடைந்துவிடும். வெல்லம் வண்டிக்குள் கீழே இருக்கட்டும். துணிமணிப் பை மேலே போகட்டும். கனமானது கீழே, லேசானது மேலே என்பது மாட்டுவண்டிக்காரர்களும் அறிந்த விதி.

வண்டி நிற்கும்போது தாங்குவது வேறு, ஓடும்போது தாங்குவது வேறு. நிற்கும் வண்டியின் கூரையில் இரண்டு பேர் ஏறி உட்காரலாம். அதை வைத்து, ஓட்டத்திலும் தாங்கும் என்று முடிவுகட்ட முடியாது. கையேட்டில் உள்ள எண் ஓட்டத்துக்கானது. திடீரென்று பிரேக் அடித்தால் 50 கிலோ மூட்டை 40 கிலோ வலுவோடு முன்னால் தள்ளும். அதோடு காற்று. அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. முன்பக்கம் 0.3 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு மூட்டையை 60 கி.மீ. வேகத்தில் காற்று சுமார் 5 கிலோ வலுவோடு பின்னால் தள்ளும். 120 கி.மீ. வேகத்தில் 20 கிலோ. ஹைதராபாதைச் சுற்றி ஓடும் 158 கி.மீ. வெளிவட்டச் சாலையின் வேகத் தடங்களில் 120 வரை போக அனுமதி உண்டு. அந்த அனுமதி தலையில் மூட்டை இல்லாத வண்டிக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கேரியரோடு 80-ஐத் தாண்டாதிருப்பதே என் அறிவுரை. தார்ப்பாயின் முன்முனை தளர்ந்து படபடக்கத் தொடங்கினால் உடனே ஓரம் கட்ட வேண்டும். காற்று உள்ளே புகுந்த தார்ப்பாய் மூட்டையை மேலே தூக்கும்.

வளைவில் இன்னொரு ஆபத்து. எஸ்யூவி ஏற்கெனவே உயரமான வண்டி. தரையிலிருந்து ஆறடிக்கு மேல் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் அதன் எடைமையத்தை உயர்த்தும். ஸ்ரீசைலம் மலைப்பாதையில் திருப்பத்துக்குத் திருப்பம் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது அது தெரியும்.

எரிபொருளும் ஒரு கணக்கு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் ஆலன் மெய்யரும், தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தின் யூச்சே சென்னும் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2015-இல் அந்நாட்டின் இலகு வாகனங்கள் எரித்த எரிபொருளில் 0.08 சதவீதம் கூரைக் கேரியர்களால் கூடுதலாகச் செலவானது. ஆண்டுக்குச் சுமார் 10 கோடி கேலன். அதில் கணிசமான பங்கு, ஒன்றும் ஏற்றாமல் காலியாகச் சுமந்து திரிந்த கேரியர்களால். தனி வண்டியில் இழப்பு 25 சதவீதம் வரை போகலாம். ஊர் திரும்பியதும் கேரியரைக் கழற்றிப் பரணில் வைத்தால் பணம் மிச்சம். ஹைதராபாதின் மாதாபூரில் உள்ள அலுவலகத்துக்குத் தினமும் அதைச் சுமந்துகொண்டு போக ஒரு காரணமும் இல்லை. அதற்காகவே சுலபமாகக் கழற்றக்கூடிய வகையை வாங்க வேண்டும். 1942-இல் மீனவர்களுக்கான பொறி செய்து விற்றுத் தொடங்கிய ஸ்வீடனின் தூலே போன்ற நிறுவனங்கள் இந்தச் சந்தையில் நிலைத்ததற்கு அந்தச் சுலபமும் ஒரு காரணம். விலை அதிகம்தான். ஆனால் ஒவ்வொரு கட்டையிலும் எத்தனை கிலோ என்று எழுதியிருக்கும். கூரைச் சுமைதாங்கிகளுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 11154 என்று உலகத் தரம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி விற்கும் பொருளைத் தேடலாம்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. டொயோட்டா ஃபார்ச்சூனரின் உயரம் 1,835 மி.மீ. 20 செ.மீ. கேரியர் ஏறினால் 2 மீட்டரைத் தாண்டிவிட்டது. வணிக வளாகங்களின் நிலவறை வாகன நிறுத்தங்கள் பலவற்றில் தடைக்கம்பி 2.1 மீட்டரில் தொங்குகிறது. கேரியரில் ஒரு பை இருந்தாலே இடிக்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் முன்பக்க இரும்புத் தடுப்புகளை அகற்றச் சொல்லி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது இந்தப் பிரிவின் பெயரால்தான். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளி, மூல வடிவத்தை மாற்றும் திருத்தங்களுக்கு இடமில்லை என்று உறுதி செய்தது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. வண்டியின் உடம்புக்கு வெளியே பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ நீட்டிக்கொண்டு, அல்லது அனுமதித்த உயரத்தை மீறிச் சுமை ஏற்றினால் 20,000 ரூபாய். சாலையிலேயே கட்டித் தீர்க்கும் தொகையை மாநிலங்கள் தனித்தனியே நிர்ணயிப்பதால், எல்லை தாண்டும்போது தொகை மாறும்.

கழற்றி மாட்டக்கூடியதாக, கம்பெனியின் சொந்தத் துணைப்பொருள் பட்டியலில் இருப்பதாக, அதன் துளைகளில் பொருந்துவதாக உள்ள கேரியருக்கு நியாயம் பேச இடமுண்டு. கூரையைத் துளைத்து வெல்டிங் வைத்த இரும்புச் சட்டத்துக்கு அந்த இடம் இல்லை என்றே நான் நினைக்கிறேன். பில்லை வண்டியில் வையுங்கள். காப்பீட்டுப் படிவத்தில் மின்சாரம் சாராத துணைப்பொருள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. கேரியரின் மதிப்பை அதில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு அந்தப் பொருளுக்கு இழப்பீடு கேட்க முடியாது.

ஹைதராபாத், சென்னை, கோவை என்று எந்த ஊர்க் கடையானாலும், கேரியர் வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் வண்டியின் கூரை ஓட்டத்தில் எத்தனை கிலோ தாங்கும்? இந்தக் கேரியர் எத்தனை கிலோ? இதற்காக ஒரு புது ஓட்டையாவது போட வேண்டுமா? முதல் இரண்டுக்கும் எண்ணாகப் பதில் வராவிட்டாலோ, மூன்றாவதற்கு ஆமாம் என்று வந்தாலோ, வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

கார் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். டயரில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்கள். கூரைக் கம்பி எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணையும் அதே ஸ்டிக்கரில் ஒரு வரியாகச் சேருங்கள். தாங்காது என்றால், தாங்காது என்று எழுதுங்கள். அதுவரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலை கையேட்டின் பாலிதீன் உறையைப் பிரித்து அந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள்; எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கதவு ஓரத்தில் ஒட்டிவிடுங்கள்.